அம்மாவின் முதுகில் நான் மாட்டிய கூடை

மேல்டிவிசன் | ஞாயிறு, இரவு 9.40

தலவாக்கலைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் பிறந்து, இன்றும் அதே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்துகொண்டு, நகரத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். மூன்று வருடங்களாக யூடியூபில் ஒரு சனலும் நடத்துகிறேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. ஆள் பிடிக்க வந்திருக்கிறான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சில நாட்களாக மனதைக் குடையும் ஒரு விடயத்தை இந்த இணைய மன்றத்தில் உள்ள பெரியவர்கள் முன் வைக்கலாம் என்றுதான் வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் பிரம்புக் கூடை போய்ப் பல வருடங்களாகிவிட்டன. சாக்குப் பையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டுத்தான் இப்போது கொழுந்து எடுக்கிறார்கள். ஆனால் வெளியில் இருந்து பார்ப்பவர்கள் கூடையைத்தான் தேடுகிறார்கள் என்பதை மற்றவர்களுடைய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணில் கிடந்த பாட்டியின் கூடையைத் தூசி தட்டி எடுத்து, கலியாண வீடுகளுக்குக் கட்டுகிற சிவப்புச் சேலையை அம்மாவை உடுத்தச் சொல்லி, யாரும் வேலை செய்யாத மலையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கூடை நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக அடியில் பழைய பத்திரிகைகளை அடைத்து, மேலே நான்கு பிடி கொழுந்தைத் தூவினேன். சோகமான புல்லாங்குழல் ஒன்றைப் பின்னணியில் சேர்த்து, எங்கள் கண்ணீரைத்தான் நீங்கள் கோப்பையில் குடிக்கிறீர்கள் என்ற பொருளில் ஒரு தலைப்பையும் போட்டேன். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் எங்கள் திடலில், மன்மதன் எரிந்து ரதி புலம்பும் கதையை ஆடுகிற காமன் கூத்து நடந்தது. கம்பம் ஊன்றிய நாளில் இருந்து தகனம் வரை கூடவே நின்று எடுத்து, 41 நிமிட வீடியோவாக வெளியிட்டேன். 212 பேர் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் லயத்தவர்கள்.

தங்கையின் தொலைபேசியில் அந்தக் கண்ணீர் வீடியோவை அம்மா முழுவதுமாகப் பார்த்தார். “நான் எப்படா இப்படி அழுதுகிட்டு கொழுந்து எடுத்தேன்? நீ ஏன் இதுல மெட்ராஸ்காரன் மாதிரி பேசுற?” என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். செய்யாதவர்களை யாரும் பார்ப்பதில்லை. இதில் நான் நானாக இருப்பதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கிழிந்தகொங்காணி | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, கூடையில் பத்திரிகை அடைத்தது பொய், மூன்று லட்சம் பேர் பார்த்தது மெய். காசு வந்ததா, இல்லையா என்பதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணிநேரம் ஓடியிருக்க வேண்டும், 1,000 பேர் சந்தாதாரர்களாகச் சேர்ந்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் விளம்பரப் பணத்தில் பங்கு என்று யூடியூப் வைத்திருக்கும் கணக்கை, நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக யாரோ வைத்த கணக்குக்குள்தான் பிழைத்திருக்கிறார்கள். வயிறு நிறைந்த பிறகு சுயத்தைப் பற்றிப் பேசலாம் என்பது என் கட்சி.

வெள்ளவத்தைமாடி | திங்கள், காலை 7.05

கொழும்பில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் பொகவந்தலாவைக்காரன் நான். பரிந்துரைப் பொறிகளோடு தினமும் மல்லுக்கட்டுவதால் இதைச் சொல்லும் துணிவு வருகிறது. அல்கோரிதத்தை ஏதோ முனியாண்டி சாமியைப் போல நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. அதற்குக் கூத்தும் தெரியாது, புல்லாங்குழலும் தெரியாது. யார் எங்கே நிறுத்தினார்கள், எங்கே அடுத்ததுக்குத் தாவினார்கள் என்பதை எண்ணி வைத்துக்கொண்டு, இவரைப் போன்ற இன்னொருவரை எது கூடுதல் நேரம் இருத்தி வைக்கும் என்று ஊகிக்கிறது. 2012ஆம் ஆண்டில் யூடியூப் பார்வைகளின் எண்ணிக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பார்க்கும் நேரத்துக்கு முதலிடம் கொடுத்தது. அளவுகோல் மாறியதும் வீடியோக்களின் உருவமும் மாறியது. எதை அளக்கிறார்களோ அதற்குத் தக்கபடி ஆட்கள் வளைந்துகொள்வார்கள் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய சங்கதி அன்று. கிலோவுக்குப் பேர் என்றால், முற்றிய இலையும் பைக்குள் போகத்தான் செய்யும்.

உங்களுடைய 212ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சல்கானிக், டொட்ஸ், வொட்ஸ் என்ற மூவர் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல்களின் பெயர்களும் குழுக்களின் பெயர்களும் மட்டும் தெரிந்தன. மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் முன்பு வந்தவர்கள் எதை எத்தனை முறை தரவிறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். பாடல்கள் அவையே, தொடக்கமும் எல்லோருக்கும் பூச்சியம்தான். ஆனாலும் ஓர் உலகத்தில் உச்சிக்குப் போன பாடல் இன்னோர் உலகத்தில் நடுவில் கிடந்தது. மிக நல்லவை பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் மேலே வரவில்லை, இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்று இருந்தது. முதலில் வந்த ஒரு சிலர் எதைத் தொட்டார்கள் என்பதே பின்னால் வந்தவர்களின் ருசியாகிவிட்டது. எனவே 212 என்பது அந்தக் கூத்துக்கு யாரும் போட்ட மதிப்பெண் என்று நினைத்து மனம் உடைந்துவிடாதீர்கள். அந்த மூன்று லட்சத்தையும் அப்படி நினைக்க வேண்டாம்.

பதுளைப்பாதை | திங்கள், மாலை 6.30

நான் ஆசிரியை, பதுளைப் பக்கத்தில் படிப்பிக்கிறேன். தம்பியின் தாயார் கேட்ட இரண்டாவது கேள்வியில் என் மனம் நின்றுவிட்டது, ஏனென்றால் என் குரலை மாற்றியது எந்தப் பொறியும் அன்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் மாதம், விடுதி அறையில் நான் “பேசிக்கிட்டு இருந்தேன்” என்று சொன்னபோது வடக்கில் இருந்து வந்த தோழிகள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. சினிமாவில் கேட்கிற தமிழ் பக்கத்துக் கட்டிலில் இருந்து வந்ததால் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் நான் “கதைச்சுக்கொண்டு இருந்தனான்” என்று சொல்லப் பழகிவிட்டேன். அப்போது லயத்தில் எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. கணக்கப்பிள்ளை வீட்டுக்கு எடுத்தால் அப்பாவைக் கூப்பிட்டு விடுவார்கள். ஒரு நாள் அப்பா என் குரலைக் கேட்டுவிட்டு, “யாரோ டீச்சரம்மா பேசுறாங்க” என்று சொல்லி ரிசீவரை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். மகள் டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் அவர். அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

படித்த இடத்தில் யாழ்ப்பாணத்தாரைப் போலவும், வீடியோவில் சென்னையைப் போலவும், நுவரெலியா ஹோட்டல் வாசலில் ஆங்கிலம் போலவும் பேசப் பழகிய சமூகம் நாம். பிறர் நம்மைப் பார்த்துக் குறித்துக்கொள்வதும், குறித்துக்கொண்டதைப் போல நாம் ஆகிவிடுவதும் கைத்தொலைபேசிக்கு முந்திய கதை. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நம்மை இந்தியத் தமிழர் என்று தனிக் கட்டத்தில் எழுதினார்கள். மலையகத் தமிழர் என்று நாமே நமக்குப் பெயர் வைத்துக்கொள்வதற்கு அதன் பின்னர் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கும் முன்னால், தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லி ஆள் கட்டிய கங்காணிமார் இருந்தார்கள். கவர்ச்சியான முகப்புப் படத்தை ஒட்டிவிட்டு உள்ளே வேறொன்றை வைக்கும் வித்தையை நம் பாட்டன்மார் கப்பல் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

லயத்துக் கூரை ஒழுகுவது மெய், அட்டை கடிப்பது மெய். ஆகவே சோகம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் புல்லாங்குழல் உங்களுடைய தாயாரின் சோகத்தை ஊதவில்லை, இரக்கப்பட விரும்புகிறவர்களின் வசதிக்காக ஊதுகிறது என்பதுதான் என் வருத்தம்.

தேயிலைத்தூர் | செவ்வாய், அதிகாலை 5.20

தவறணை என்கிற தேயிலை நாற்றுமேடை வேலையிலும் வெளிக்களத்திலுமாக 34 வருடங்கள் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தொழில்நுட்பம் எனக்கு விளங்காது. ஆனால் அச்செடுத்தாற்போல ஒரே மாதிரி என்ற பேச்சு வந்தால், வீ.பி. என்கிற, தண்டு வெட்டி வளர்க்கும் தேயிலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை மலையில் போய் நின்று பாருங்கள். ஒரு தூரின் இலை அகலம், பக்கத்துத் தூரின் இலை கூர். ஒன்று வெளிர்பச்சை, ஒன்று செம்பு கலந்த நிறம். ஒன்று இன்றைக்குத் துளிர்க்கும், அடுத்தது நான்கு நாள் கழித்துத் துளிர்க்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதையில் இருந்து வந்த தனிப்பிறவி. வீ.பி. மலை அப்படியன்று. ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள சிறு தண்டை வெட்டி, பொலித்தீன் பையில் நட்டு, நிழல் பந்தலுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு வருடம் வளர்த்து எடுப்பது. தாய்மரம் எப்படியோ, பிள்ளைகள் பத்தாயிரமும் அப்படியே. பார்க்க வெல்வெட் விரித்த மாதிரி இருக்கும். விளைச்சலும் கூடுதல், அதை மறைக்கக் கூடாது. தோட்டங்கள் இன்று நிற்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் வெட்டி நட்ட கன்றுக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். கடும் வரட்சி வரும் வருடத்தில், வீ.பி. மலை வாடிக் கருகும்போது, ஏளனமாகப் பார்க்கப்பட்ட கிழட்டு விதைத் தேயிலை பச்சையாக நிற்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலவாக்கலை சென்ற் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பேர்பெற்ற இனங்கள், 2025 போன்றவை, எங்கிருந்து தொடங்குகின்றன? எத்தனை லட்சம் நகல் எடுத்தாலும், தொடக்கத்தில் இருப்பது மற்றவற்றைப் போல இல்லாத, விதையில் முளைத்த ஒற்றை மரம்தான். கிளையை வெட்டி வெட்டி நட்டுக்கொண்டே இருக்கலாம். புதிய தாய்மரம் வேண்டுமென்றால் விதையிடம்தான் திரும்பிப் போக வேண்டும். விதைத் தேயிலை மலைகளை எல்லாம் பிடுங்கிவிட்டால் அப்படியொரு மரத்தை எங்கே போய்த் தேடுவது? இலைத்துரு நோய் 1869இல் கோப்பிச் செடிகளில் காணப்பட்டு, இருபது வருடத்துக்குள் இந்த மலைகளை வெறுமையாக்கிய கதையை என் முப்பாட்டனிடம் கேட்டவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மலை முழுவதும் ஒரே பயிர் நின்றால், ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்துவிடும்.

மழை தொடங்குகிறது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

வெள்ளவத்தைமாடி | செவ்வாய், காலை 8.10

ஐயா, நீங்கள் சொன்னதை எங்கள் துறையினர் வேறு வழியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதையே அடுத்த தலைமுறைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பாடமாக ஊட்டி, அது எழுதியதை அதற்கடுத்ததுக்கு ஊட்டிக்கொண்டே போனால், அரிதானவை முதலில் மறைந்து, இறுதியில் எல்லாம் உளறலாகிவிடுகிறது என்று 2024ஆம் ஆண்டு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை வாசித்தபோது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. சல்லிவேர் என்றதும் உறைக்கிறது.

காமன்திடல் | செவ்வாய், இரவு 11.00

எல்லோரும் நகல் எடுப்பதையே குற்றமாக்கிவிட்டீர்கள். நான் கூத்துக் குடும்பத்தவன், எனக்கு இதில் மாறுபாடு உண்டு. பார்த்துச் செய்யாமல் கூத்தில் யாரும் எதையும் கற்றதில்லை. வாத்தியார் கால் வைத்த இடத்தில் கால் வைத்து, அவர் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, அவருடைய இருமலைக்கூட ராகத்தோடு சேர்த்துப் படித்தவர்கள் நாங்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாட்டுகள், சனங்களுக்கு ஏற்கனவே தெரிந்த மெட்டுகளில் அமைந்தவை. மெட்டு இரவல், சொல் தோட்டத்துச் சொல். அந்தப் பாட்டுகளை யாரும் நகல் என்று தள்ளவில்லை, வாய்விட்டுக் கூடப் பாடினார்கள்.

நான் ரதி வேடம் கட்டிய முதல் வருடத்தில், அப்போது பேர்பெற்றிருந்த ஒரு சினிமா நடிகையைப் போல இடுப்பை ஒடித்து நடந்தேன். பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் தப்பு மேளம் அடிப்பவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மதன் எரிந்து, ரதி புலம்புகிற கட்டம் வந்தது. அந்தக் கட்டத்தில் முன்வரிசைக் கிழவிகள் முந்தானையை வாயில் பொத்திக்கொள்வது எங்கள் திடலின் வழக்கம். அன்றைக்கு அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி வெற்றிலைப் பையை அவிழ்த்து, நிதானமாகப் பாக்கு வெட்டத் தொடங்கிவிட்டார். நாற்பது ரதிகளைப் பார்த்த கண் அது. விசில் அடித்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லி அந்தப் பாக்குவெட்டிக்குப் பதில் சொல்ல முடியாது. அடுத்த வருடம் நான் என் அத்தை புருஷனைப் பறிகொடுத்தபோது அழுத அழுகையை எடுத்துக்கொண்டேன். அதுவும் நகல்தான், ஐயா. ஆனால் அத்தையைத் தெரிந்தவர்கள் முன்னால் செய்த நகல். பிசகினால் முகத்துக்கு நேரே தெரிந்துவிடும்.

மேல்டிவிசன் தம்பியிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: உங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது யார்? மூன்று லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட உங்கள் அம்மா கொழுந்து எடுப்பது எப்படி இருக்கும் என்று தெரியாது. தெரிந்த ஒரே ஆள் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படக் கூடாது. 41 நிமிடம் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. பின்னால் ஒரு முக்காலியில் கமெராவை நிறுத்திவிட்டு எடுத்தீர்களா? வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சும்போது தோல் இறுகி ஒலி மாறுவதைப் பக்கத்தில் போய்ப் பதிவு செய்தீர்களா? இல்லையென்றால் 212 பேரைக் குறை சொல்ல வேண்டாம். நேரில் பார்க்காதவனுக்குக் கூத்தைக் காட்டுவதும் ஒரு தொழில். அதைக் கற்காமல், நம்முடைய சொந்தச் சரக்கு என்பதற்காகவே ஊர் கைதட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம்.

கிழிந்தகொங்காணி | புதன், காலை 6.45

பாக்குவெட்டி நன்று. என் கட்சியில் இருந்து அரை அடி பின்வாங்குகிறேன். ஆனால் அந்தக் கிழவிகள் வீட்டு அரிசிக்கு யாரும் முன்வரிசையில் இருந்து பணம் அனுப்பவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேல்டிவிசன் | அடுத்த திங்கள், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. காமன்திடல் அண்ணா சொன்னது சரி. முக்காலிதான், அதுவும் கோயில் மதிலுக்குப் பக்கத்தில். தப்புக் காய்ச்சுவதை நான் எடுக்கவே இல்லை, அந்த நேரத்தில் பேட்டரி மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன். கொங்காணி அண்ணாவுக்கு: காசு வந்தது, வீட்டுக்குத் தகரம் நான்கு வாங்கினோம். அதை மறைத்தது என் தவறு.

சனிக்கிழமை அம்மாவிடம் போய், உங்களை நீங்களே காட்டுவதென்றால் எதைக் காட்டுவீர்கள் என்று கேட்டேன். முதலில் போடா என்றார். பிறகு பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி ஆட்காட்டி விரலில் மாட்டிக்கொள்வதைக் காட்டினார். கணுக்கள் அறுத்து அறுத்து அந்த விரலின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. 26 வருடமாக அந்தக் கையால் சோறு வாங்கித் தின்ற நான் அதைப் பார்த்ததே இல்லை. அடுத்து நிறுவையைப் பற்றிப் பேசினார். சாக்குக்கு என்றும் தண்ணீருக்கு என்றும் கழிக்கிற கிலோக்களைத் தினமும் மனதில் கூட்டி வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் அது எத்தனை நாள் பேர் ஆகும் என்று என்னை விட வேகமாகச் சொல்கிறார். சொல்லும்போது அழவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எந்த இசையைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே ஒன்றும் போடவில்லை. ஆறு நிமிடம். நானும் எங்கள் பேச்சிலேயே பேசினேன். “வணக்கம் மக்களே” என்று வாய் தானாகப் போன இரண்டு இடங்களை வெட்ட வேண்டியிருந்தது.

இன்றுவரை 940 பேர் பார்த்திருக்கிறார்கள். மேல் லயத்து அக்கா ஒருவர் கழிக்கிற கிலோக் கணக்கில் அம்மா ஒரு நாளை விட்டுவிட்டார் என்று கீழே எழுதி, அதற்கு அம்மா என்னைக் கொண்டு பதில் எழுத வைத்து, இப்போது அங்கே ஒரு சண்டை நடக்கிறது.

பழைய வீடியோவை அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். புல்லாங்குழலை எடுத்துவிட்டு, தலைப்பையும் மாற்றி, கூடைக்குள் இருப்பது பத்திரிகை என்று கீழே எழுதியும் விட்டேன். அழிக்கப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். அந்தச் சேலையில் தன்னை யாரும் இவ்வளவு நன்றாகப் படம் எடுத்ததில்லையாம்.